ஹலிபாக்ஸ் துறைமுக வெடிப்பும் அதனை எழுதிய நூல்களும்

கனடா நாட்டின் கீழைக்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தலைநகர் ஹலிபாக்ஸ். முதலாம் உலகப் போரின்போது ஐரோப்பாவுக்குப் படையும் உணவும் வெடிமருந்தும் சென்ற கடல்வழியின் வாயிலாக அமைந்தது அந்நகரின் துறைமுகம். 1917ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 6ஆந் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி கடந்து நான்கு நிமிடமளவில் அத்துறைமுகத்திலே வெடிமருந்து ஏற்றிய கப்பலொன்று வெடித்தது. நகரின் வடபகுதி கணப்பொழுதில் அழிந்தொழிந்தது. இந்நிகழ்ச்சியைப் பற்றிக் கடந்த நூறாண்டுக்கு மேலாக நாவல், சமூகவியல் ஆய்வு, கடற்படை வரலாறு, உயிர்தப்பியோர் நினைவுத் தொகுதி எனப் பல்வகை நூல்கள் எழுந்துள்ளன. நிகழ்ச்சி ஒன்று, சான்றுகளும் பெரும்பாலும் ஒன்றே. எனினும் நூலுக்கு நூல் கதை வேறுபடுகின்றது. குற்றம் யாருடையது, இறந்தோர் யாவர் என்னும் இரு வினாக்களுக்கும் இந்நூல்கள் கூறிய விடைகள், உயிரோடிருந்த மனிதர் சிலரின் நற்பெயரையும் மாண்ட மக்கள் பலரின் நினைவையும் காத்தன, சிலவிடத்து மறைத்தன. ஆதலின் அவற்றைத் தோன்றிய காலமுறையில் வைத்து நோக்குதல் வரலாறு பயில்வார்க்குப் பயன் தருவதாகும்.

முதற்கண் நிகழ்ச்சியைச் சுருங்கக் கூறுவாம். பிரான்சு நாட்டுக் கப்பலாகிய மொன் பிளான், நியூயோர்க்கில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டு, கப்பற்கூட்டத்தோடு சேர்ந்து அத்திலாந்திக்கைக் கடக்கும் நோக்குடன் ஹலிபாக்ஸை அடைந்தது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 2,300 தொன் பிக்கிரிக்கமிலமும், 200 தொன் டி. என். டி. என்னும் வெடிமருந்தும், 10 தொன் வெடிபஞ்சும் இருந்தன. மேற்றட்டிலே பென்சோல் என்னும் எரிநெய்ப் பீப்பாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. போருக்கு முன்னராயின் இத்தகைய கப்பல் உட்டுறைமுகத்தினுட் புகுதல் இயலாது. நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிய போர்க்காலத்தில் அவ்விதி தளர்ந்தது. வெடிமருந்தைக் குறிக்கும் செங்கொடியும் அதன் கொடிமரத்தில் ஏற்றப்படவில்லை. ஏற்றியிருப்பின் பகைவர்க்கு அதுவே இலக்காகியிருக்கும். 5ஆந் தேதி மாலை நீர்மூழ்கித் தடைவலை மூடப்பட்டபின் வந்தமையால், அக்கப்பல் இரவு முழுதும் வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தது.

அதே மாலையில் துறைமுகத்தின் உட்புறத்தே மற்றொரு கப்பல் காத்திருந்தது. நோர்வே நாட்டின் ஈமோ என்னும் அக்கப்பல், பெல்ஜிய மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லும் பணியில் ஈடுபட்டிருந்தது. நிலக்கரி வந்துசேரத் தாமதமானமையால் அன்று புறப்பட இயலாது, மறுநாட் காலை விரைந்து வெளியேறிற்று. பிற கலங்களுக்கு வழிவிட்டு வந்த அக்கப்பல், ஒடுங்கிய நீர்வழியிலே தனக்குரிய பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தே வந்தது. மொன் பிளான் ஒருமுறை ஊதிற்று. ஈமோ இருமுறை ஊதி விடையளித்தது. ஊதொலிகள் மாறி மாறி எழ, 8 மணி 45 நிமிடமளவில் இரண்டும் மோதின. மோதலின் வேகம் மிகப் பெரிதன்று. ஆயினும் பீப்பாய்கள் உடைந்து பென்சோல் வழிந்தது. உலோகம் உரோஞ்சிய பொறியினால் தீப் பற்றிற்று. மொன் பிளான் மாலுமிகள் படகேறி மறுகரையாகிய டாட்மத்தை அடைந்து, பிரெஞ்சு மொழியிற் கூவிக்கொண்டே காட்டை நோக்கி ஓடினர்; அவர் கூறியதைக் கேட்டுணர்ந்தார் இலர். ஆளில்லாக் கப்பல் எரிந்தவாறே மிதந்து ஹலிபாக்ஸ் கரையிலுள்ள ஆறாம் இறங்குதுறையைச் சார்ந்தது. வேலைக்குப் போவோரும் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் நின்று வேடிக்கை பார்த்தனர். வீட்டிலிருந்தோர் கண்ணாடிச் சாளரங்களின் அருகே வந்து நின்றனர். பின்னர்க் கணக்கிடப்பட்ட கண்காயங்கள் ஏறத்தாழ 5,900 என்பதற்கும், 41 பேர் பார்வையை முற்றாக இழந்தமைக்கும் அச்சாளரங்களே காரணம்.

வெடிப்பின் வலிமை ஏறத்தாழ 2,900 தொன் டி. என். டி. வெடித்தற்கு ஒப்பாகும் என்பர். கடல் பொங்கி, ஹலிபாக்ஸ் கரையில் வழக்கமான உயர்நீர் மட்டத்துக்கு மேல் 18 மீற்றர் வரை ஏறிற்று. அரைத் தொன் நிறையுள்ள நங்கூரத்தண்டு மூன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் வீழ்ந்தது. 1,630 வீடுகள் முற்றாக அழிந்தன. 12,000 வீடுகள் சேதமுற்றன. காயமுற்றோர் ஏறத்தாழ 9,000 பேர். மறுநாள் வீசிய பனிப்புயல் இடிபாடுகளின் கீழ்க் கிடந்தோரையும் மூடிவிட்டது. அப்புயலினூடே பொஸ்டன் நகரிலிருந்து மருத்துவரும் தாதியரும் மருந்தும் கொண்ட புகையிரதம் வந்துசேர்ந்தது. அந்நன்றியை மறவாது 1971 முதல் ஆண்டுதோறும் நோவா ஸ்கோஷியா மக்கள் பொஸ்டன் நகருக்கு நத்தார் மரமொன்று அனுப்பி வருகின்றனர்.

நிகழ்ச்சி நடந்த சில மாதங்களுக்குள் அச்சேறியவை பெரும்பாலும் ஒளிப்படத் தொகுதிகளும், நெஞ்சை உருக்கும் செய்திகளைக் கோத்த சிறு நூல்களுமாம். மருத்துவ நிவாரணப் பணியிற் பெரும்பங்கு கொண்ட படைமருத்துவராகிய மக்கெல்வி பெல் என்பார் 1918இலேயே இவ்வழிவைக் களமாகக் கொண்டு ஒரு காதற்கதை எழுதி வெளியிட்டார். புண்ணுக்கு மருந்திட்ட கையே காதற்கதையும் எழுதிற்று என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அக்காலத்து வாசகர் பேரழிவை நாவல் வடிவிலேயே தாங்கிக்கொள்ள விரும்பினர் போலும். இவ்வகை நூல்களை ஈண்டு விரித்தல் வேண்டா.

ஆராய்ச்சி நூலென்று கூறத்தக்க முதல் நூல் 1920இல் வெளிவந்தது. சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் என்பார் ஹலிபாக்ஸ் சென் போல்ஸ் தேவாலயத்திற் பணிபுரிந்த குருவானவர். 1912இல் டைட்டானிக் கப்பல் அமிழ்ந்தபோது கடலில் மிதந்த சடலங்களைத் தேடிச்சென்ற கப்பல்களுள் ஒன்றிலும் அவர் சென்றிருந்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கென அவர் எழுதிய ஆய்வே 'பேரழிவும் சமூக மாற்றமும்' எனப் பொருள்படும் தலைப்புடன் நூலாயிற்று. பேரழிவு ஒரு சமுதாயத்தின் இறுகிய பழக்கங்களைக் குழைத்துவிடுகின்றது; குழைந்த நிலையில் மாற்றம் எளிதாகின்றது; அம்மாற்றம் நன்மைக்கும் ஆகலாம், தீமைக்கும் ஆகலாம் என்பது அவர் கொள்கை. பேரழிவுகளைச் சமூகவியல் நோக்கில் ஆராயும் துறைக்கு இந்நூலே முன்னோடி எனப் பிற்காலத்தார் போற்றுவர்.

பிரின்சின் நூலைப் படிப்போர் அவருடைய நேர்மையை மெச்சாதிரார். மக்கள் ஒருவர்க்கொருவர் செய்த உதவியை விரித்துக் கூறிய அவர், அந்நாட்களில் வாடகையை உயர்த்தியோரையும், தம் தொழிற்சங்க விதிகளை விட்டுக்கொடாத தொழிலாளரையும் மறைக்காது குறிப்பிடுகின்றார். ஆயினும் அவர் நின்று நோக்கிய இடம் நகரின் மேன்மக்கள் கூடிய நிவாரணக் குழுக்களின் அயலாகும். ஜேக்கப் ரீம்ஸ் என்பார் 2016இல் வெளியிட்ட நூலிலே, 1914இல் அமெரிக்காவின் சேலம் நகரில் மூண்ட தீயையும் ஹலிபாக்ஸ் வெடிப்பையும் ஒருங்கு வைத்து, தொழிலாளர் குடும்பங்களின் பக்கத்தினின்று அதே நாட்களை நோக்குகின்றார். உறவினரும் அயலவரும் சங்கத்தாரும் கேளாமலே செய்த உதவி ஒருபுறமும், வீடுவீடாகச் சென்று வினாக்கேட்டு, தகுதியுடையோர் யார், தகுதியற்றோர் யார் எனப் பிரித்த நிபுணரின் உதவி மறுபுறமுமாக அவருக்குத் தோன்றுகின்றன. பிரின்சுக்குப் பிடிவாதமாகப் பட்டது, தொழிலாளிக்குத் தான் நெடுநாட் போராடிப் பெற்ற உரிமையாகப் பட்டிருத்தல் கூடும். ஒரே செயல் இரு நூல்களில் இரு பொருள் பெறுதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, எழுதப்பட்டும் அச்சேறாது கிடந்த நூலொன்றைக் கூறல் வேண்டும். டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராயிருந்தவர் ஆச்சிபோல்ட் மக்மெக்கன். அமெரிக்க நாவலாசிரியர் ஹேர்மன் மெல்வில் மறக்கப்பட்டிருந்த காலத்தில், அவருடைய திமிங்கிலக் கதையின் பெருமையை 1899இலேயே எடுத்துரைத்த நுண்ணறிவினர் அவர். வெடிப்பு நிகழ்ந்த அம்மாதத்திலேயே அதன் உத்தியோகபூர்வமான வரலாற்றை எழுதும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கென ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அவரும் உதவியாளரும் உயிர்தப்பியோரையும் மருத்துவரையும் படையினரையும் நிவாரண ஊழியரையும் கண்டு, அவர் கூறியவற்றை எழுதிக்கொண்டனர். இடிபாடுகள் அகற்றப்படுமுன், நினைவு மங்குமுன், பத்திரிகைச் செய்திகளோடு கலக்குமுன் அச்சாட்சியங்கள் பதிவாயின. தொழில்முறை வரலாற்றாசிரியர் பலர் செய்யத் தவறுவதை இலக்கியப் பேராசிரியர் ஒருவர் செய்துவைத்தார்.

ஆயினும் அவர் எழுதிய வரலாறு அவர் வாழ்நாளில் நூலாகவில்லை. 1933இல் அவர் காலமானார். 1978இல் கிரஹாம் மெட்சன் என்பார் தொகுத்து வெளியிட்ட நூலிலேதான் அது அச்சுருப் பெற்றது. இடைப்பட்ட அறுபதாண்டும் அச்சாட்சியங்கள் சுவடிகளாகவே கிடந்தன. மக்மெக்கனின் வரலாற்றுரையை இன்று படிப்போர்க்கு அதன் நடை சற்றுப் பழமையாகத் தோன்றும். நகரின் வீரத்தைப் புகழும் குரல் அதில் ஓங்கி ஒலிக்கும். அவர் எழுதிய உரையினும் அவர் திரட்டிய தாள்களே பெருமதியுடையன என்பது என் கருத்து. பின்வந்த ஆசிரியர் அனைவரும் அத்தாள்களுக்குக் கடன்பட்டோரே.

அறுபதாண்டு இடைவெளியை நிரப்பியது ஒரு நாவல். ஹியூ மக்லெனன் 1907இற் பிறந்தவர், மருத்துவரின் மகன், வெடிப்பு நிகழ்ந்தபோது ஹலிபாக்ஸில் வாழ்ந்த பத்து வயதுச் சிறுவன். பின்னர் ஒக்ஸ்போட்டிலும் பிரின்ஸ்ரனிலும் கிரேக்க உரோம இலக்கிய வரலாறு பயின்றார். 1941இல் அவர் வெளியிட்ட முதல் நாவல், 'ஏறும் பாரமானி' எனத் தமிழிற் கூறத்தக்க பெயருடையது. அந்நாவலின் கதை 1917 டிசெம்பரில் எட்டு நாட்களுள் முடிகின்றது. வெடிப்பு நிகழும் பகுதியில் ஆசிரியர் கதைமாந்தரைச் சற்றே விலக்கிவிட்டு, நிலவதிர்வும் காற்றலையும் கடலலையும் ஒன்றன்பின் ஒன்றாக நகரைத் தாக்கிய முறையை அறிவியல் நூலின் அமைதியோடு கூறுகின்றார். அப்பகுதியின் வலிமை அவ்வமைதியிலேதான் உள்ளது.

ஆனால் நாவலின் உட்பொருள் வேறு. பிரித்தானியப் பேரரசின் பெருமையையே நம்பி வாழும் பழைய தலைமுறையின் உருவாக ஒரு படைத்தளபதி அதில் வருகின்றார். அவர் வெடிப்பில் மாள்கின்றார். அவரால் வஞ்சிக்கப்பட்ட இளைஞன் மீள்கின்றான். கனடா தன்னைத் தானே உணரும் நாடாகப் பிறக்கின்றது. இரண்டாம் உலகப் போரின் நடுவே வாழ்ந்த கனடிய வாசகர்க்கு இது பெரிதும் இனித்தது. கனடாவில் வெடிப்பைப் பற்றிய பொதுமக்கள் நினைவு நெடுங்காலம் இந்நாவலின் வழியே நின்றது. இதனாற் கிடைத்த நன்மை, நிகழ்ச்சி மறக்கப்படாமை. வந்த தீமை, அழிவு ஏதோ ஒரு விடிவுக்கு விலையாக அமைந்தது என்னும் எண்ணம். ரிச்மண்டில் எரிந்த வீடுகளிற் பெரும்பாலானவை தொழிலாளருடையவை. அவர்தம் இழப்பு எந்நாட்டின் பிறப்புக்கு விலையாயிற்று என நாவல் கேட்பதில்லை. நாவலாசிரியரைக் குறைகூறுதற்காக இதனைச் சொல்லவில்லை. நாவலை வரலாறாகக் கொண்டோரையே சுட்டுகின்றேன்.

குற்றம் யாருடையது என்னும் வினாவே மனிதரைப் பெரிதும் வருத்தியது. வெடிப்பு நடந்த உடன் மக்கள் ஜெர்மனியரையே ஐயுற்றனர். ஈமோவிலிருந்து உயிர்தப்பிய சுக்கான் பிடிப்போன் ஒருவன் ஒற்றன் எனச் சிறைப்பட்டான். அவ்வையம் தீர்ந்ததும் சினம் மொன் பிளான் மேற் பாய்ந்தது. ஈமோவின் தலைவரும் வழிகாட்டி மாலுமியும் மாண்டு போயினர். மொன் பிளானின் தலைவர் லெ மெடெக்கும், வழிகாட்டி மாலுமி பிரான்சிஸ் மக்கியும் உயிரோடிருந்தனர். உயிர் பிழைத்ததே அவர்க்குப் பகையாயிற்று. டிசெம்பர் 13ஆந் தேதி விசாரணை தொடங்கிற்று. 1918 பெப்ரவரி 4ஆந் தேதி நீதிபதி டிரைஸ்டேல் தம் முடிவை வெளியிட்டார். மொன் பிளானே முழுக்குற்றமும் உடையது என்றும், அதன் தலைவரோடு வழிகாட்டியும், துறைமுகப் போக்குவரத்தைக் கண்காணித்த கடற்படை அதிகாரி வயட்டும் பொறுப்பாளிகள் என்றும் அவர் கூறினார். மூவர் மேலும் உயிர்ச்சேதம் விளைத்த குற்றம் சாட்டப்பட்டது. வழிகாட்டிக்கு எதிராகச் சான்றில்லை என நீதிபதி ரசல் அவரை விடுவித்தார். தலைவர் மேலிருந்த வழக்கும் கைவிடப்பட்டது. வயட்டை யூரர் குற்றமற்றவர் என விடுதலை செய்தனர்.

கப்பல்களின் உரிமையாளர் தொடுத்த வழக்கு மேன்முறையீடாகச் சென்றது. 1919இற் கனடிய உயர்நீதிமன்றும், 1920 மார்ச் மாதத்தில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகமும் இரு கப்பல்களும் சமமாகத் தவறிழைத்தன எனத் தீர்த்தன. நம் நாட்டு வழக்குகளும் முன்னர் நெடுங்காலம் இறுதி முறையீட்டுக்கெனச் சென்ற மன்று அது. ஆகவே சட்டப்படி எவரும் தண்டனை பெறவில்லை. மொன் பிளான் மட்டுமே குற்றமுடையதென்ற முடிபும் நிலைக்கவில்லை. எனினும் ஹலிபாக்ஸ் மக்களின் நாவில் மக்கியின் பெயர் பழிப்பெயராகவே நின்றது. 1922இல் அவருக்கு வழிகாட்டி உரிமம் மீளக் கிடைத்தது. 1961இல் அவர் இறந்தார். 2015இல் ஜேனட் மேபி என்னும் ஆசிரியை அவர்க்குற்ற அநீதியையே பொருளாகக் கொண்டு தனிநூல் எழுதினார். தீர்ப்பு மாறிய 1920இற்கும் இந்நூலுக்கும் இடையே தொண்ணூற்றைந்து ஆண்டுகள் உள்ளன. மன்றின் தீர்ப்பைவிட ஊரார் தீர்ப்பு எத்துணை வலியது என்பதற்கு இக்கணக்கே போதும்.

கடற்படையின் பக்கமும் இவ்வாறே பிந்தி வந்தது. ஜோன் கிரிபித் ஆம்ஸ்ரோங் 2002இல் வெளியிட்ட நூல், வெடிப்பில் அரச கனடியக் கடற்படைக்கு இருந்த தொடர்பைப் படைத்துறைத் தாள்களைக் கொண்டு ஆராய்கின்றது. எரியும் கப்பலை நோக்கிச் சிறு படகுகளில் விரைந்து, அங்கேயே மாண்ட கடற்படையினரை அது நினைவூட்டுகின்றது. முதல் மணிநேரங்களிற் படையினர் செய்த மீட்புப்பணியும், பின்னெழுந்த பழியில் அது மறைந்தமையும் அந்நூலிலே விளக்கம் பெறுகின்றன. போர்க்காலத் துறைமுகத்திற் கடற்படைக்கும் வழிகாட்டி மாலுமிகளுக்கும் இடையே அதிகார எல்லை தெளிவாக இல்லாமையே பெருங்குறை என அதனைப் படிப்போர்க்குத் தோன்றும். தனிமனிதர் மூவரின் தவறென முடித்த முதல் விசாரணை மிகச் சுருங்கிய ஒன்றாகவே காட்சியளிக்கும்.

1962இல் மைக்கேல் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் எழுதிய 'மாண்ட நகர்' என்னும் பொருள்படும் நூல், பொதுவாசகர்க்கென முழுநிகழ்ச்சியையும் கோவையாகக் கூறிய நூல்களுள் முற்பட்டதாகும். விறுவிறுப்பான நடை, ஆனால் கதைபோல் ஓடும் இத்தகைய நூல்களில் ஒருவர் மனத்தில் நினைத்ததையும் ஆசிரியர் எவ்வாறறிந்தார் என்ற கேள்வி எழாமற் போகாது. கோல்மன் கதையும் இத்தகைய நூல்களாற் பரந்தது. புகையிரதத் தந்தி அலுவலராகிய வின்சென்ற் கோல்மன், ஆபத்தை அறிந்தும் அலுவலகத்துக்கு மீண்டு, வரும் வண்டிகளை நிறுத்துமாறு தந்தியடித்துத் தாம் மாண்டார். இது மெய். அத்தந்தி குறித்த ஒரு பயணிகள் வண்டியை நிறுத்தியே நூற்றுக்கணக்கானோரைக் காத்தது என்று மக்கள் கூறுவர். இதில் ஆய்வாளர் ஒத்த கருத்தினரல்லர். அத்தந்தி வழிநெடுகவுள்ள நிலையங்களில் கேட்டமையால் உதவி விரைந்து திரண்டது என்பதில் ஐயமில்லை. அவர் செயலின் உயர்வு இதனாற் சிறிதும் குறையாது.

இவ்வரிசையில் யான் முதலிடம் அளிக்கக்கூடிய நூல் ஜேனட் கிட்ஸ் என்னும் அம்மையார் 1989இல் வெளியிட்ட 'சிதறிய நகர்' என்பதேயாம். அந்நூல் பிறந்த வரலாறே தனியொரு பாடமாகும். டைட்டானிக் சடலங்கள் ஹலிபாக்ஸுக்குக் கொண்டுவரப்பட்டபோது, பான்ஸ்ரெட் என்னும் அலுவலர் ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண்ணிட்டு, உடலிற் கண்ட பொருள்களை அதே எண் தாங்கிய துணிப்பையிலிட்டு, அடையாளக் குறிப்பும் எழுதிவைக்கும் முறையை வகுத்தார். ஐந்தாண்டின் பின் அவர் மகனார் அதே முறையைச் செபக்ரோ வீதிப் பாடசாலையில் அமைந்த பிணவறையிற் கைக்கொண்டார். உறவினர் வந்து பைகளைப் பார்த்துத் தம்மவரை அறிந்துகொண்டனர். எவரும் கேட்டு வாராத பைகள் எஞ்சின. அவை மாகாணச் சட்டமன்றக் கட்டடத்தின் கீழறையிற் பல்லாண்டு கிடந்தன. பின்னர் அரும்பொருட்சாலையை அடைந்தன.

அப்பைகளைத் திறந்து பட்டியலிட்டவர் கிட்ஸ் அம்மையார். திறவுகோல், பொத்தான், மோதிரம், பிள்ளைகளின் பென்சில் போன்ற அற்பப் பொருள்களே அவற்றுள் இருந்தன. எண்ணைக் கொண்டு பிணவறைக் குறிப்பைத் தேடி, குறிப்பைக் கொண்டு குடும்பத்தைத் தேடி, குடும்பத்திலே எஞ்சியோரைக் கண்டு பேசி அவர் தம் நூலை அமைத்தார். உயிர்தப்பியோர் அப்போது முதியோர். வெடிப்பு நாளிற் சிறுவராயிருந்தோர். பலர் அதுபற்றித் தம் வீட்டிலேயே வாய்திறவாது வாழ்ந்தவர். ஆதலின் அவர் நூல் பெரிதும் வெடிப்பின் பின்னாட்களைப் பற்றியதாயிற்று. கண்ணிழந்த சிறுவர், அனாதைகளைத் தேடிய உறவினர், தற்காலிகக் குடிசைகள், நிவாரண ஆணைக்குழுவின் ஓய்வூதியக் கணக்குகள் என்பன அதிற் பேசப்படுகின்றன. அவ்வாணைக்குழு 1918இல் அமைந்து 1976 வரை பணிபுரிந்தது. ஒரு காலை நேரத்து நிகழ்ச்சியின் கணக்கை முடிக்க அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. இப்பின்னாட் கதையைத் தனக்குரிய பொருளாகக் கொண்டதே இந்நூலின் சிறப்பு. 1992இல் இவர் உயிர்தப்பிய சிறுவரைப் பற்றி வேறொரு நூலும் வெளியிட்டார்.

1994இல் ரஃப்மன், ஹவெல் என்னும் இருவர் பதிப்பித்த கட்டுரைத் தொகுதியும் கருதத்தக்கது. நிலவியல், மருத்துவம், சட்டம், இலக்கியம் முதலிய துறையினர் பலர் அதில் எழுதியுள்ளனர். அணுக்குண்டுக்கு முன் மனிதனால் நிகழ்ந்த வெடிப்புகளுள் இதுவே பெரிது என்னும் வழக்கமான கூற்றை அவர்கள் ஆராயாது ஏற்கவில்லை; இறப்பு, வலிமை, அழிவின் பரப்பு, வெடிமருந்தின் அளவு, பொருளிழப்பு ஆகிய ஐந்தையும் ஒருங்கு வைத்து நோக்கின் அது பொருந்தும் என அளந்து கூறினர். ஒப்பீட்டுக்கு ஒன்று: 1944 ஏப்ரில் 14ஆந் தேதி பம்பாயின் விக்ரோரியாத் துறையிற் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒருங்கேற்றிய போட் ஸ்ரிகின் என்னும் கப்பல் வெடித்தது. தீயணைக்கச் சென்றோர் பலரும் துறைமுகத் தொழிலாளரும் அதில் மாண்டனர். அதுபற்றி 1959இல் ஜோன் எனிஸ் எழுதிய நூலொன்று உண்டு. ஹலிபாக்ஸைப் பற்றி ஓரலுமாரி நிறைந்த நூல்கள் இருக்க, பம்பாய்க்கு நூல்கள் மிகச் சிலவே. பம்பாயில் ஒரு மக்மெக்கன் அவ்வாண்டிலே வீடுவீடாகச் சென்றிருப்பின் நிலை வேறாயிருக்கும்.

மக்மெக்கனும் எல்லார் வீட்டுக்கும் சென்றாரல்லர். டாட்மத் கரையிலே, வெடிப்பு நிகழ்ந்த இடத்துக்கு நேரெதிரே, ஆமைச்சோலை எனப் பொருள்படும் பெயருடைய குடியிருப்பொன்று இருந்தது. மிக்மாக் என்னும் ஆதிக்குடியினர் அங்கு வாழ்ந்தனர். வெடிப்பும் கடலலையும் அதனை அழித்தன. குடியிருப்பு மீள எழவில்லை. அங்கு இறந்தோர் எத்துணையர் என்பதும் உறுதியாக அறியப்படவில்லை. வெடிப்புக்கு முன்னரே அவர்களை அவ்விடத்தினின்று அகற்றும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. வெடிப்புக்குப் பின் அது பற்றிப் பேச வேண்டிய தேவையும் இல்லாதாயிற்று. நகரின் வடகோடியில் ஆபிரிக்வில் என்னும் கறுப்பின மக்களின் ஊர் இருந்தது. அவ்வூரும் சேதமுற்றது, நிவாரணத்தில் அதற்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது. ரிச்மண்டில் தோமஸ் அடம்ஸ் என்னும் பிரித்தானிய நகரமைப்பாளரின் திட்டப்படி கற்கட்டு வீடுகளும் மரநிழல் வீதிகளும் எழுந்தன. ஆபிரிக்வில் மக்களோ குடிநீர்க் குழாயுமின்றி வாழ்ந்து, 1960களில் நகரசபையால் அகற்றப்பட்டனர். 2010இல் நகர் அவர்களிடம் மன்னிப்புக் கோரிற்று. பழைய நூல்களில் இவ்விரு ஊரும் ஓரிரு வரிகளிற் கழிந்தன. அண்மைக் காலத்து ஆய்வாளரே இவற்றைத் தனித்து நோக்கத் தொடங்கினர். சான்று இல்லாமையாற் சுருங்கக் கூறினோம் என்பது முன்னையோர் விடையாகலாம். சான்று ஏன் இல்லாமற் போயிற்று என்பதுதானே வரலாற்றாசிரியர் கேட்கவேண்டிய கேள்வி.

நோவா ஸ்கோஷியாச் சுவடிக்கூடம் இறந்தோர் நினைவேடொன்றைத் தொகுத்துள்ளது. பிணவறைக் குறிப்பு, கல்லறைப் பதிவு, குடும்பத்தார் கூற்று என்பவற்றை ஒப்புநோக்கி, ஒருவரே இரு பெயரால் வந்திருப்பின் நீக்கி, விடுபட்டோரைச் சேர்த்து அமைக்கப்பட்டது அது. அதிற் காணப்படும் பெயர்கள் 1,782. ரிச்மண்டின் வீதிகளைச் சேர்ந்தோரின் பெயர்கள் பக்கம் பக்கமாக உள்ளன. வயது, வீட்டெண், தொழில் என்பனவும் பலர்க்கு உண்டு. ஆமைச்சோலையைச் சேர்ந்தோர் சிலரே. கேட்பாரற்றுக் கிடந்த பைகளுக்கேனும் ஒவ்வோர் எண் இருந்தது.